பெயர் சொல்லப்படாத பல் மருத்துவ மாணவர்

கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து 20 வயதில் கப்பலேறியவர் வால்டர் கிளெமென்ட் நோயல். 1904-இல் சிகாகோவில் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே காய்ச்சல், இருமல், தலைசுற்றலுடன் மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் ஒருவர் அவருடைய இரத்தத்தை நுண்நோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் சில அரிவாள்போல் வளைந்திருந்தன. இவ்வகை அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது வரும் வலி கொடியது. இந்த நோய்க்கு அன்று மருந்தும் இல்லை, பெயரும் இல்லை.

இரண்டரை ஆண்டுகள் நோய் திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளியது. ஆனாலும் 1907-இல் பட்டம் பெற்றுவிட்டார். ஒரு வாரக் காய்ச்சலுக்கே அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடக் கேட்கும் நமக்கு, இது எளிதில் புரியாது.

1910-இல் டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இதைக் கட்டுரையாக எழுதிப் புகழ்பெற்றார். அதில் நோயலின் பெயர் இல்லை. நோயாளியின் பெயரை மறைப்பது முறைதான்; இருந்தும் மனம் உறுத்துகிறது.

1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இந்த அரிவாள் அணுக்கள் கண்டறியப்பட்டன. நான்காம் படிவத்தில் நமக்குப் பரிசோதிக்கும் தாலசீமியாவும் இதைப்போலப் பெற்றோர்வழி வரும் ஹீமோகுளோபின் குறைபாடுதான்.

நோயல் ஊர் திரும்பி, செயின்ட் ஜார்ஜஸ் நகரில் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-இல் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. வயது 32.