வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884)

மாணவர்களே, மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பெயருக்குரியவரை ஒரு மிசனரி வைத்தியர் என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பாகும்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1847 இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் பணியைத் தொடங்கி, 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளரைக் கவனித்ததோடு இளைஞர் சிலருக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870 இலேயே ஆரம்பமாயிற்று என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்குக.

அவர் வந்தபோது யாழ்ப்பாணம் மருத்துவம் அறியாத நாடாக இருக்கவில்லை. கிராமந்தோறும் பரம்பரைப் பரியாரிமார் இருந்தனர். ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ ஆகிய மருத்துவ நூல்கள் ஏடுகளில் வழங்கின. நாடி, வாதம், பித்தம் முதலிய சொற்கள் சாதாரண மக்களின் வாயிலும் இருந்தன. மறுபுறத்தில், உடலை அறுத்துப் பார்த்து உறுப்புகளை ஆராயும் அறிவும் சத்திரசிகிச்சையும் மேலைத்தேயத்தில் வளர்ந்திருந்தன. இந்த இரண்டுக்கும் இடையே பாலம் அமைப்பது எப்படி என்பதே கிறீனை எதிர்நோக்கிய பிரச்சினை.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு அதனால் என்ன பயன்? தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே தங்குவார், தம் மக்களுக்கு விளங்கும் மொழியில் பேசுவார் என்று கிறீன் கருதினார். 1857 இல் தாய்நாடு சென்று, 1862 இல் திரும்பி வந்த அவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பட்டதும் பதவியும் ஆங்கிலத்தின் பின்னால் நின்ற காலத்தில் இது துணிவான முடிவாகும்.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டுமல்லவா? கிறீன் தமிழை நன்கு கற்றிருந்தார். தம் மாணவரின் துணையோடு மொழிபெயர்ப்பில் இறங்கினார். ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலும், ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. இந்தியாவின் மருந்துப் பொருட்களை விபரிக்கும் நூலும் ‘இந்து பதார்த்த சாரம்’ என்ற பெயரில் தமிழாக்கப்பட்டது. அவரது முயற்சியால் உருவான மருத்துவத் தமிழ் 4000 பக்கங்களுக்கும் மேற்பட்டது.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். கிடைக்காவிடின் வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தார். புண்ணைக் குறிக்கும் இரணம் என்ற பழைய சொல், சத்திரசிகிச்சை நூலின் பெயரில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். பாதாதிகேசம் என்ற இலக்கியச் சொல்லை அறிந்த உங்களுக்கு, உடலமைப்பைக் குறிக்கும் அங்காதிபாதம் அந்நியமாகத் தோன்றாது. கெமிஸ்தம் மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம்.

ஒரு விடயத்தில் அவதானமாக இருங்கள். கிறீன் சுதேச வைத்தியம் முழுவதையும் ஏற்றுக்கொண்டார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் மேலைத்தேய மருத்துவத்தையே சிறந்ததென நம்பியவர். சமயப் பணிக்காக வந்தவர். ஆயினும், புதிய அறிவு ஒரு சமூகத்தில் வேரூன்ற வேண்டுமாயின் அச்சமூகத்தின் மொழியும் சொல்லும் பழக்கவழக்கமும் மதிக்கப்பட வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். கிறிஸ்தவராகும் தமிழர் ஐரோப்பியராக மாறத் தேவையில்லை என்பதும் அவரது கருத்தாகும்.

கிறீன் 60 இற்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். உடல்நலம் குன்றியதால் 1873 இல் அமெரிக்கா திரும்பினார். அங்கும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடாது தொடர்ந்து, 1884 இல் வூஸ்ரரில் காலமானார். அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. மருத்துவம் மீண்டும் ஆங்கிலத்துக்கே சென்றது. நூல்கள் மட்டும் எஞ்சின.

மாணவர்களே, இன்று நீங்கள் விஞ்ஞானத்தையும் சுகாதாரத்தையும் தமிழில் படிக்கிறீர்கள். தமிழில் இது முடியுமா என்ற கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் விடை கிடைத்துவிட்டது. பாடத்தில் கடினமான கலைச்சொல் ஒன்று வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். அதன் பின்னால் ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

நினைவிற் கொள்க:
1. 1847 - யாழ்ப்பாணம் வருகை
2. 1848 - மானிப்பாயில் மருத்துவக் கல்வி ஆரம்பம்
3. 1864 - தமிழ்மொழி மூலம் கற்பித்தல்
4. 1872 - ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளியீடு
5. 1873 - அமெரிக்கா திரும்புதல்

பயிற்சி வினா: கிறீன் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் மருத்துவம் கற்பித்தமைக்கான காரணங்கள் இரண்டைத் தந்து, கலைச்சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட முறையை உதாரணங்களுடன் விளக்குக.