கப்பலில் போட்ட ஒரு கணக்கு

காஞ்சிபுரம் போனா, ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குக் கீழே ஒரு நிமிஷம் நில்லுங்க. சுமார் 190 அடி உயரமான அந்தக் கோபுரம் உங்களைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டுதான் இருக்கு. நிறை உள்ள எல்லாப் பொருளும் இழுக்கும். பூமியோட ஒப்பிட்டா கோபுரத்தின் நிறை ரொம்பக் குறைவு, அதனால உங்களுக்குத் தெரியல.

சரி, ஒரு நட்சத்திரம் தன்னைத்தானே இழுத்தா?

இந்தக் கேள்வியோட 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். வயசு 19. நம்மைவிடச் சின்னவர்!

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஈர்ப்பால் சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும், அதோடு சுருக்கம் நிற்கும்னு அப்போ நம்பினாங்க. சந்திரசேகர் அதில் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்தார். நிறை கூடினா எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்கும். அப்புறம் அதுங்க தள்ளுவது போதாது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான் எல்லை. அதைத் தாண்டினா ஈர்ப்புதான் ஜெயிக்கும்.

1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதைச் சொன்னார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய வானியலின் பெரிய பெயர், எடிங்டன். அவர் அந்த முடிவையே கேலி செய்தார். அரங்கமே சிரித்தது. சந்திரசேகர் பக்கம்தான் சரின்னு தெரிந்த பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளிப்படையாப் பேசல. புராஜெக்ட் ரிவியூவில் ஒருத்தர் சிரிச்சாலே நமக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது. இவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் சண்டை போடல, கணக்கை மாத்தவும் இல்ல. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939-ல் எல்லாத்தையும் ஒரு புத்தகமா எழுதிட்டு வேற துறைக்குப் போனார். 1944-ல் எடிங்டன் இறந்தபோது, அவரைப் பாராட்டி அஞ்சலி உரையும் ஆற்றினார்.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்குன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும்: நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை. நோபல் பரிசு வந்தது 1983-ல், 73 வயசில்.

கடைசி வருஷங்களில் அவர் எடுத்துக்கிட்டது நியூட்டனின் 'பிரின்சிபியா'. ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தானே நிரூபிப்பார், அப்புறம்தான் நியூட்டனின் வழியைப் பார்ப்பார். அந்தப் புத்தகம் வெளிவந்த 1995-லேயே, ஆகஸ்டில், இறந்துபோனார்.

நாம முதல்ல விடையைப் பார்க்கிற ஆளுங்க. அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு கணக்கையாவது அவர் மாதிரி போட்டுப் பாருங்களேன்.