டாக்டர் தாலிமெரன் ஆவோ: ஆட்டக்களத்திலிருந்து வைத்தியசாலைக்கு

விளையாட்டில் ஈடுபடும் மாணவன் படிப்பிற் பின்தங்குவான் எனப் பெற்றார் அஞ்சுவதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றோம். அவ்வச்சத்தைத் தம் வாழ்வினாலேயே போக்கியவர், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் தாலிமெரன் ஆவோ அவர்கள்.

அன்னார் 1918ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி, நாகா மலைப்பகுதியிலுள்ள சாங்கிக் கிராமத்திற் பிறந்தார். கிறித்தவப் போதகராகிய தந்தையார் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். மகன் வைத்தியராகித் தம் மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற விருப்பம்.

குவாகாத்தி கொட்டன் கல்லூரியிற் சிறந்த விளையாட்டு வீரரெனப் பெயர்பெற்ற ஆவோ, பின்னர் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1943இல் புகழ்பெற்ற மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது; மறு ஆண்டே தலைமைப் பதவியும் வந்தது. முன்வரிசையில் ஆடத் தொடங்கிய அவர், எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே தடுத்து நிறுத்தும் அரணாக மாறினார். இவ்வளவுக்கும் இடையே மருத்துவப் படிப்பை அவர் கைவிட்டாரல்லர்.

1948இல் இலண்டன் ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. ஜூலை 31ஆந் திகதி பிரான்சை எதிர்த்த ஆட்டத்தில் இந்திய வீரரிற் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். கல்முனை முதல் ஒலுவில் வரையுள்ள கரையோர மணலிற் பந்துதைத்துப் பழகியோர்க்கு அதன் அருமை விளங்கும். இரு தண்ட உதைகள் வீணாயின. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். எனினும் இறுதி வேளையில் பிரான்சு 2-1 என வென்றது. தோற்றாலும் அவ்வணி காண்போரின் பாராட்டைப் பெற்றது. அதே ஒலிம்பிக்கில் எம் நாட்டு டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதை நாம் மறவோம். இவ்விரு வீரரும் 1918இற் பிறந்து 1998இல் மறைந்தோர் என்பது வியப்புக்குரியது.

புகழின் உச்சியில் நின்ற ஒருவர் ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்டிருக்கலாம். ஆவோ அவர்களோ 1950இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் கொகிமா வைத்தியசாலைக்குப் பணிபுரியச் சென்றார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயபோது அதன் முதலாவது சுகாதார சேவைப் பணிப்பாளராகி, 1978இல் ஓய்வுபெறும்வரை மலைவாழ் மக்களுக்கு உழைத்தார். 1998 செப்டெம்பர் 13ஆந் திகதி அவர் காலமானார். 2018இல் அவரது நூற்றாண்டையொட்டி இந்திய அரசு தபால்முத்திரை வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே, மைதானத்தில் ஈட்டும் கட்டுப்பாடும் உழைப்பும் ஆட்டம் முடிந்த பின்னும் பயன்தர வேண்டும். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றிய அம்மகனின் வாழ்வு, படிப்பையும் விளையாட்டையும் ஒருங்கே போற்றும் எம் கல்லூரியின் இளைஞர்க்கு என்றும் வழிகாட்டுவதாகுக.