சகோதரி நிவேதிதை அம்மையார்

மக்கட்குக் கல்வி புகட்ட விழைவோர் முதற்கண் அவர்தம் தாயரைத் துணைக்கொள்ளல் வேண்டும். இஃது அறிஞர் பலர் ஒப்பிய உண்மையாம். எனினும், பெண்டிர் தெருவாயிலைக் கடவாது வாழ்ந்த குடிகளில், யாவும் ஆடவர் சொற்படியே நடைபெற்ற இல்லங்களில், இதனைச் செயலிற் காட்டுதல் எளிதன்று. அங்ஙனம் காட்ட முயன்றவருள் சகோதரி நிவேதிதை அம்மையார் ஒருவர்.

அம்மையார் அயர்லாந்து தேயத்து டங்கானன் என்னும் ஊரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். மார்கரெட் எலிசபெத் நோபிள் என்பது இயற்பெயர். தந்தையார் கிறிஸ்து சபைப் போதகர். தலைமகவு நலமே பிறப்பின் அதனை இறைபணிக்கே அளிப்பதாகத் தாயார் நேர்ந்துகொண்டனர் என்பர். மார்கரெட்டுக்குப் பத்து வயதானபோது தந்தையார் இறந்தார். 1884ஆம் ஆண்டில், பதினேழாவது வயதினை எய்துமுன்னரோ எய்தியவுடனோ, அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார்.

அந்நாளில் பெஸ்டலாஜி, புரோபெல் என்னும் கல்வியாளர் இருவர்தம் கொள்கைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. குழந்தைக்கு முதல் ஆசிரியை அன்னையே. அவள் மடியே முதற் பள்ளி என்பது அவ்விருவர் கருத்து. அக்கொள்கை வழியே விம்பிள்டனில் அம்மையார் தாமே ஒரு பள்ளி நிறுவினார். 1895ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் விவேகானந்த அடிகளைக் கண்டு, இந்தியப் பெண்மக்கள் கல்விக்குத் தம்மை ஈடாக்கத் துணிந்தார். 1898ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் கல்கத்தா வந்தடைந்தார். மார்ச்சுத் திங்களில் நிவேதிதை என்னும் பெயர் பெற்றார். இறைவனுக்குப் படைக்கப்பட்டவள் என்பது அதன் பொருள். தாய் நேர்ந்தது பெயரளவிலும் நிறைவேறிற்று!

கல்கத்தாவின் வடபால் பாக்பஜார் என்னும் பகுதியில், போசுபாடா என்னும் குறுந்தெருவில், 1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அம்மையாரின் பள்ளி தொடங்கிற்று. திறந்து வாழ்த்தியவர் சாரதா தேவியார். அவர் அந்தணர் குடிப்பிறந்து, பழைய ஒழுக்கம் வழுவாது வாழ்ந்த பெருமாட்டி. ஏட்டுக்கல்வி மிகுதியும் பெறாதவர். அன்னார் வாழ்த்து, நூறு கற்றறிந்தார் பரிந்துரையினும் அத்தெருப் பெண்டிர்க்குப் பெரிதாயிருந்தது.

இடர்களோ பல. அயல்நாட்டார் தீண்டிய நீரைப் பருகாத இல்லங்கள் அவை. அம்மையார் அதன்பொருட்டு எவரையும் இகழ்ந்தாரல்லர். இல்லந்தோறும் தாமே சென்று, அவ்வவ்வீட்டு வழக்கங்களைப் பேணி நடந்து, சிறுமியரைத் தம்பால் விடுக்குமாறு வேண்டினார். 1899ஆம் ஆண்டில் கொள்ளைநோய் நகரிற் பரவியபோது, தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைத் துப்புரவு செய்தார். நோயுற்றுச் சாகுந்தறுவாயிலிருந்த சேரிக் குழந்தை யொன்றினைத் தம் மடியிற் கிடத்திப் பேணினார். அக்குழந்தை அவரையே தன் அன்னையென எண்ணி உயிர் நீத்ததாம். அச்செய்தி கேட்ட தாயர் உள்ளம் நெகிழாதிருக்குமோ?

எனினும் பொருள் முட்டுப்பாட்டாற் பள்ளி 1899ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. அம்மையார் மேனாடு சென்று பொருள் திரட்டி மீண்டு, 1902ஆம் ஆண்டில் அதனை மறுபடியும் திறந்தார். அப்பொழுதும் ஒரு குறை அவரை வருத்திற்று. எழுத்தறிந்து வரும் பருவத்திலேயே சிறுமியர்க்கு மணம் முடிந்துவிடும். பலகையும் ஏடும் அத்துடன் நின்றுவிடும். மகளுக்கு மட்டும் கற்பித்தல், வேரை விடுத்துத் தளிருக்கு நீர் வார்த்தலை ஒக்கும் என்பது தெளிவாயிற்று.

ஆகவே 1903ஆம் ஆண்டில், கிறிஸ்டீன் என்னும் சகோதரியாரின் துணைகொண்டு, மணமான மகளிர்க்கும் கைம்பெண்டிர்க்கும் தனிப்பகுதி யொன்று தொடங்கப்பட்டது. காலை அடுப்பு அவிந்து மாலை அடுப்பு மூளுமுன் உள்ள நண்பகற் பொழுதே அவர்க்கு வாய்த்த ஓய்வு; அதுவே பள்ளிநேரம் ஆயிற்று. தையலும், வாசிப்பும், சமயநூற் படிப்பும் அவர்க்குக் கற்பிக்கப்பட்டன. மாமியார் தடுப்பாரோ, கணவர் சினப்பாரோ என்று அஞ்சியஞ்சி வந்தோரும் இருந்திருப்பர் அன்றோ? ஆயினும் வந்தனர். பள்ளியைத் தன் கண்ணாற் கண்ட தாய், மகளை அங்கு விடுக்க அஞ்சுவாளோ? அயலார் நூறுமுறை தட்டினும் திறவாத கதவு, உள்ளிருப்பார் கை வைத்தபோது எளிதிற் றிறந்தது.

நம் செந்தமிழ்க் கவிஞர் சுப்பிரமணிய பாரதியாரும் இவ்வம்மையாரால் அறிவு கொளுத்தப்பெற்றவர். வடநாடு சென்றபோது பாரதியார் அவரைக் கண்டனர். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் வினவ, அது தம்மவர் வழக்கமன்று எனக் கவிஞர் விடையிறுத்தனர். நாட்டிற் பாதியை வீட்டில் அடைத்துவிட்டு மற்றைப் பாதி உரிமை பெறுவது எங்ஙனம் என்று அம்மையார் இடித்துரைத்தனர். அச்சொல் கவிஞர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்வதேச கீதங்கள் என்னும் நூலைப் பாரதியார் அம்மையார்க்கே படைத்தார்.

1911ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் டார்ஜிலிங் மலையகத்தில், 44 ஆண்டு நிறையுமுன்னரே, அம்மையார் மறைந்தார். அவர் பள்ளியோ மறையவில்லை. இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் மீளும் நாம், கற்றவற்றுள் ஒன்றையேனும் நம் அன்னையர்க்கு எடுத்துரைக்கின்றோமா? அன்றி, அவர் அறியார் எனக் கருதி வாளா இருக்கின்றோமா? அடுக்களை வாயிலில் அமர்ந்து நாம் அவர்க்குப் படித்துக்காட்டும் ஓர் ஏடு, அடுத்து வரும் தங்கையர் கல்விக்கு வாயிலாகும். அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவேயாம்.