நுங்கம்பாக்கத்து வானூலார் போக்சன்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை நிலையத்தின் வளவினுள்ளே, உயர்ந்த கருங்கற்றூண் ஒன்று நிற்கின்றது. 1792-ஆம் ஆண்டிற் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கெழுப்பிய வானாராய்ச்சி நிலையத்தில், விண்மீன்களை நோக்குங் கருவியைத் தாங்குதற்கு நாட்டப்பெற்றது அது. அதன்மீது தமிழெழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருத்தல் நம்மனோர்க்கு உவகை தருவதாகும். விண்மீனுக்கென எழுந்த அவ்விடத்திலேயே 1796 முதலாக வெப்பம், காற்றழுத்தம், மழை ஆகியவற்றையுங் குறித்து வரலாயினர். அக்குறிப்புக்களை முப்பதாண்டு பேணியவர் நார்மன் இராபர்ட் போக்சன் என்பார்.

அவர் 1829-இல் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகரிற் பிறந்தார். வாணிகத்திற் புகவேண்டியவர் கணிதத்தின்மேற் கொண்ட காதலால் அதனைத் துறந்தார். பதினெட்டு வயதிற்குள் வால்மீன் இரண்டின் வழிகளைக் கணித்துவிட்டார். ஆக்ஸ்போர்டில் உதவியாளராயிருந்தபோது, 1856-இல், சிறுகோள் ஒன்றைக் கண்டு பிடித்தார். ஐசிஸ் என்பது அதன் பெயர். அவர்தம் மகளாரின் பெயரும் அதுவே. அவ்வாண்டிலேயே விண்மீன்களின் ஒளிக்கு அளவை வகுத்தார். முன்னோர் கண்ணுக்குப் புலனாகும் மீன்களை ஆறு தரமாக்கியிருந்தனர். முதற்றரத்து மீன் ஆறாந்தரத்து மீனினும் நூறு மடங்கு ஒளியுடையதெனக் கொண்டு, ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்குமுள்ள வேறுபாடு ஏறத்தாழ 2.512 மடங்கென அவர் வரையறுத்தார். உலகெங்கும் வானூலார் இன்றுங் கைக்கொள்வது அவ்வளவையே.

இத்தகையவர் 1861-இல் அரசாங்க வான சாஸ்திரியாகச் சென்னை வந்து சேர்ந்தார். வந்த சில திங்களில் இன்னுமொரு சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பெற்றதாதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அவருடைய உதவியாளராகிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் அந்நிலையத்திலேயாம்.

எனினும், சென்னையில் அவர் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. போதிய உதவியாளர் இலர். இரவெல்லாம் நோக்கிக் குறித்த விண்மீன் கணக்குக்கள் கால் நூற்றாண்டுவரை பெரும்பாலும் அச்சேறாது கிடந்தன. அஃது அவர்பாற் குறையே; மறைத்தற்கில்லை. ஆயின், தொலைநோக்கி ஒருபுறமிருக்க, வெப்பமானியும் மழைமானியும் நாடோறும் பார்க்கப்பட்டே வந்தன. 1872 மே மாதத்திற் கடும்புயல் சென்னைக் கடலில் நின்ற கப்பல்களை அழித்தது. 1876-இற் பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சம் தொடங்கிற்று. மழை பெய்த நாளைக் குறிப்பது எவர்க்கும் எளிது. வெறுங்கலத்தை நோக்கி, இன்று மழையில்லை என்று திங்கட்கணக்கில் எழுதி வருவதற்கோ தனிப்பொறுமை வேண்டுமன்றோ? பஞ்சத்தின் அளவை இன்று நாம் அறிவது அத்தகைய வரிகளாலேயே.

1873-இல் மகளார் ஐசிஸ் அம்மையார் நிலையத்திற் கணக்கிடும் பணியேற்றார். அவர் பெற்ற ஊதியம் நூற்றைம்பது ரூபாய். அது சமையற்காரர்க்கோ வண்டியோட்டிக்கோ கொடுப்பதை ஒத்தது என்பர். 1881-இல் அவரே சென்னை அரசாங்கத்தின் வானிலை அறிவிப்பாளருமானார். தந்தையின் பெயர் வானிலிருக்க, தரையிலே நடந்த வேலையிற் பெரும்பங்கு மகளாருடையதென்று கூறுதல் மிகையாகாது.

போக்சன் தாய்நாடு மீண்டு வாழும் பேறு பெற்றிலர். 1891 சூன் மாதம் சென்னையிலேயே இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின் அப்பதவியேற்றவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியற் பேராசிரியராயிருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித். கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தை நிறுவியவரும் இவரே. முன்னவர் விட்டுச்சென்ற கட்டுக்களை அவர் புறக்கணித்திருக்கலாம், செய்திலர். 1861 முதல் 1890 வரையுள்ள வானிலைக் குறிப்புக்களைச் செப்பனிட்டு, காலஞ்சென்ற போக்சனின் பெயரை முகப்பிலிட்டு, 1892-இல் அச்சிட்டார். விண்மீன் கணக்குக்களும் பின்னர்த் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. ஐசிஸ் அம்மையார் 1898 வரை அந்நிலையத்திலேயே பணியாற்றினார்.