குண்டுமழையிற் கேட்ட குரல்

ஊமைப்படங்களில் முகத்தாற் புகழ்பெற்ற ஒருவர், முகமே தோன்றாத வானொலியில் மறுமுறையும் புகழெய்துதல் எளிதிற் காணக்கூடியதன்று. அமெரிக்க நடிகை பீபி டானியல்ஸ் அம்மையாருக்கு அது வாய்த்தது.

1901ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில், நாடகத் தொழிலிலே ஊறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மழலை மாறாப் பருவத்திலேயே மேடையேறியவர், பதினான்கு வயதளவில் ஹரல்ட் லொயிட் என்னும் நகைச்சுவை நடிகரோடு குறும்படங்களில் நடிக்கத் தொடங்கினார். சொல்லின் துணையின்றிக் கணப்பொழுதையும் அளந்து நகைப்பிக்கும் கலை அங்கேதான் அவருக்குக் கைவந்தது என்பது எமது கருத்து.

பேசும்படம் வந்ததும், அவரை வளர்த்த படநிறுவனம் அவர் குரலை நம்பவில்லை. அதனை நீங்கி வேறொரு நிறுவனத்துக்காக 1929இல் 'றியோ றீற்றா' படத்திற் பாடி நடித்தார். அது பெருவெற்றி ஈட்டியது. அடுத்த ஆண்டு பென் லயன் என்னும் நடிகரை மணந்தார். விமானப் படமாகிய 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' மூலம் பெயர் பெற்ற அவர், தாமே விமானம் ஓட்டவும் வல்லவர். 1933இல் வெளிவந்த '42ஆம் வீதி' படத்தில், கால் முறிந்து தன் இடத்தைப் புதுமுகம் ஒருத்திக்கு விட்டுக்கொடுக்கும் நட்சத்திர நடிகையாகப் பீபி தோன்றினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டே! ஹொலிவூட் நடிகையருக்கு அதுவே முதுமைபோலும்.

அதன்பின் தம்பதியர் இலண்டன் மாநகர் சென்று மேடையில் நடிக்கலாயினர். 1939இல் போர் மூண்டது. அமெரிக்கக் குடிகளாகிய அவர்கள் தாயகம் திரும்பியிருப்பின் எவரும் குறைகூறியிரார். அவர்களோ பிள்ளைகளைப் பாட்டியாரின் பாதுகாப்பில் அமெரிக்காவில் விட்டுத் தாம் இலண்டனிலேயே தங்கினர். பெற்ற மனம் அதற்கு எங்ஙனம் இசைந்ததோ!

1940 மே 26ஆம் நாள், டன்கேர்க் கரையினின்று படைகளை மீட்கும் பணி தொடங்கிய அன்றே, 'ஹாய் காங்!' என்னும் அவர்களது நகைச்சுவை நிகழ்ச்சி பி.பி.சி.யில் ஆரம்பமாயிற்று. உடன் நடித்த விக் ஒலிவர் அப்போது சேர்ச்சிலின் மருமகன். அவ்வாண்டு செப்டெம்பர் முதல் இலண்டன்மீது இரவுதோறும் குண்டுகள் வீழ்ந்தன. விளக்கணைத்த வீடுகளில் வானொலியைச் சூழ்ந்திருந்த மக்கள், போய்விடக் கூடியவர்கள் போகாது நின்றனர் என்பதை அறிந்தே அக்குரல்களைக் கேட்டனர். நகைச்சுவையின் தரத்தைப் பின்னாளிலிருந்து எடைபோடுவோர் இதனை மறத்தலாகாது. நோர்மண்டியில் நேசப்படைகள் இறங்கியபின் பீபி அங்கும் சென்று காயமுற்ற வீரரின் குரல்களை ஒலிப்பதிவு செய்தார். அமெரிக்க அரசு அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கிற்று.

போரின் பின் சிறிதுகாலம் ஹொலிவூட்டில் இருந்து, மீண்டும் இலண்டன் வந்தனர். 1950 முதல் 1961 வரை 'லயன் குடும்பத்துடன் வாழ்வு' எனப் பொருள்படும் தொடர் ஒலித்தது. லயன் என்பது ஆங்கிலத்திற் சிங்கத்தையும் குறிக்குமாதலின் தலைப்பே நகைப்பூட்டிற்று. தந்தை, தாய், மகள் பார்பரா, மகன் றிச்சர்ட் நால்வரும் தாமாகவே நடித்தனர்; ஸ்கொட்லாந்துப் பணிப்பெண்ணாக மொலி வியர் நடித்தார். எழுத்துப்பணியிலும் பீபிக்குப் பெரும்பங்கு உண்டு. முன்னர்ப் பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகளே இப்போது ஒலிவாங்கிமுன் பெற்றோரோடு வழக்காடினர்.

1963இல் பாரிசவாதம் பீபியைத் தாக்கியது. 1971 மார்ச் 16ஆம் நாள் இலண்டனிலே காலமானார். பென் லயன் 1979இற் கப்பற் பயணமொன்றின்போது மறைந்தார். இருவரது அஸ்தியும் ஹொலிவூட் மயானத்தில் வைக்கப்பட்டுள்ளது.