புள்ளிச் சோளம் சொன்ன உண்மை

மக்காச்சோளத்தில் சில வகைகளின் மணிகளில் ஊதாப் புள்ளிகள் காணப்படும். அப்புள்ளிகள் எப்படி வந்தன என்று ஆராய்வதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவரே பார்பரா மெக்ளின்டாக்.

1902-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, அமெரிக்காவிலுள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தார். மேற்படிப்புப் படித்தால் மகளுக்கு மணமாகாது என்று தாயார் அஞ்சினார். தந்தையார் துணை நிற்கவே, 1919-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1927-இல் தாவரவியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பரம்பரைக் குணங்களைத் தாங்கும் ஜீன்கள், நூலில் கோத்த மணிகளைப்போல் குரோமோசோம்களில் இடம் மாறாது இருப்பவை என்றே அக்கால அறிஞர் கருதினர். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பார்பராவோ, தாமே சோளம் பயிரிட்டு, மணி மணியாக ஆராய்ந்தார். குரோமோசோமின் சில சிறு துண்டுகள் இடம் விட்டு இடம் பெயர்வதைக் கண்டார். நிறம் தரும் ஜீனுக்குள் அத்துண்டு புகுந்தால் நிறம் மறையும். மணி வளரும்போது சில செல்களில் அது வெளியேறினால், அங்கே மட்டும் நிறம் மீளும். அதுவே புள்ளி!

1951-இல் அறிஞர் அவையொன்றில் இதனை விளக்கினார். பலருக்கு விளங்கவில்லை, சிலர் ஐயுற்றனர். நாளடைவில் அவர் இதைப்பற்றி எழுதி வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டார். ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. 1960-களின் இறுதியில் பாக்டீரியாக்களிலும் இத்தகைய துண்டுகள் கண்டறியப்பட்டன. உலகம் அவர் பக்கம் திரும்பியது. 1983-இல், தமது 81-ஆம் வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் ஒருவரே தனித்துப் பெற்றார். 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று மறைந்தார்.

மனிதரின் மரபுப் பொருளிலும் ஏறத்தாழப் பாதி, இத்தகைய துண்டுகளும் அவற்றின் எச்சங்களுமே என்று இன்று அறிகிறோம். வெறும் குப்பை என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவை இவை. பல பயனின்றிக் கிடப்பினும், சில துண்டுகள் ஜீன்களை இயக்கவும் அடக்கவும் உதவுகின்றன. நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடல் எண்ணற்ற வகைப் புரதங்களை ஆக்குகிறதே, அத்திறனும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்து வந்த அத்தகைய ஒரு துண்டிலிருந்து தோன்றியதாகும்.

தோழியரே, சிறியது என்று எதையும் தள்ளாதிருப்போம். நன்கு சோதித்துத் தெளிந்த உண்மையை, பிறர் செவிசாய்க்கவில்லை என்பதற்காகக் கைவிடாதிருப்போம். பார்பராவின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே!